குளத்துத் தண்ணீர் குழாய்க்குத் திரும்பினால்?

உங்கள் வீட்டுத் தோட்டக் குழாயில் மாட்டியிருக்கும் ரப்பர் ஹோஸின் மறுமுனை இப்போது எங்கே கிடக்கிறது? புல்தரையிலா, வாளியிலா, மீன் குளத்திலா?

மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் முன்னணியில் நிற்கும் மாநிலம் ஜொகூர். அதனால்தானோ என்னவோ, நம் தாமான்களில் வீட்டு முற்றத்தில் ஒரு சிறு குளம் வெட்டி, நாலு கொய் மீன்களை விட்டு, ஓரத்தில் செயற்கைப் பாறை அடுக்கிப் பார்ப்பது பலருக்கும் பிடித்திருக்கிறது. நல்ல பொழுதுபோக்குதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளம் கட்டித் தருகிறவர்கள் லோரியில் வந்து இறங்குகிறார்கள். பள்ளம் தோண்டி, சிமெண்டு பூசி, வடிகட்டியையும் பம்பையும் பொருத்தி, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வரப்போகிறது என்பதைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. தோட்டக் குழாய் இருக்கிறது, ஹோஸ் இருக்கிறது, போதாதா?

போதாது. போதாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டிய கடமை குளம் கட்டித் தருகிறவருக்கு உண்டு என்பது என் கருத்து. ஏன் என்பதை உங்கள் இயற்பியல் பாடத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

படிவம் ஐந்தில் ‘தெக்கானான்’ என்ற தலைப்பில் ஒரு பாடம் வருகிறதே, அதுதான் இங்கே தேவை. சாலைக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாயில் அழுத்தம் அதிகம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வெளியே பாய்வது அதனால்தான். அந்த அழுத்தம் எப்போதும் அப்படியே இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். குழாய் எங்காவது உடைந்தால், தீயணைப்பு வண்டி பக்கத்துத் தெருவில் தண்ணீரை உறிஞ்சினால், பராமரிப்பு வேலைக்காக வால்வை மூடினால், அழுத்தம் சரிந்துவிடும். மேட்டில் இருக்கும் வீடுகளுக்கு அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தாழ்வான பகுதியில் யாரோ குழாயைத் திறந்ததும், மேட்டுக் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் அங்கே இறங்கி ஓடும். அது விட்டுச் செல்லும் இடத்தில் பகுதி வெற்றிடம் உண்டாகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் தோட்டக் குழாய் குளத்து நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். உயரம், நீரின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் 1 × 1000 × 9.81, அதாவது 9,810 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1,01,000 பாஸ்கல். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட வெறும் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே போதும், குளத்தின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று தண்ணீரை ஹோஸ் வழியாக மேலே தள்ளிக் குடிநீர்க் குழாய்க்குள் ஏற்றிவிடும். பம்பும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். முழு வெற்றிடம் என்றால் காற்றால் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் உயரம்வரை ஏற்ற முடியும். அது மூன்று மாடி உயரம்.

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தொட்டியைக் கழுவும்போது ஒரு குழாயை உள்ளே விட்டு, மறுமுனையில் லேசாக உறிஞ்சிவிட்டுக் கீழே தொங்கவிடுவீர்கள். தண்ணீர் தானாக வெளியே ஓடிவரும். அதற்குப் பெயர் வடிகுழாய்த் தத்துவம். முற்றத்துக் குளத்தில் ஹோஸைப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்து வைக்கும்போதும் நீங்கள் அமைப்பது அதே கருவிதான். உறிஞ்சுகிற வாய் மட்டும் உங்களுடையதல்ல, ஊர்க் குழாயினுடையது.

‘தண்ணீர் இல்லாத நேரத்தில் யார் குழாயைத் திறந்து வைப்பார்கள்?’ என்று கேட்பீர்கள். எல்லாரும்தான். குளத்துக்கு நீர் விட ஹோஸைப் போடுகிறோம், பாதியில் தண்ணீர் நின்றுவிடுகிறது. ‘வந்தால் ரொம்பட்டும்’ என்று திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். அரை அங்குல விட்டமும் 15 மீட்டர் நீளமும் உள்ள ஹோஸுக்குள் 2 லிட்டர்கூடத் தண்ணீர் இல்லை. அந்த 2 லிட்டர் பின்னோக்கிப் போனதும், அடுத்து உள்ளே நுழைவது சுத்தமான குளத்து நீர்.

சுத்தமான என்பது இங்கே கலப்படமில்லாத என்ற பொருளில் மட்டும்! குளத்து நீர் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கலாம். வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது என்பதைத்தான் அந்தத் தெளிவு காட்டுகிறது. குடிக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. மீன்கள் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும் மற்றொன்று நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. குளம் உயிரோடு இருப்பதே அந்தப் பாக்டீரியாக்களால்தான். அவற்றோடு மனிதருக்கு ஆகாதவையும் சேர்ந்து வாழலாம். மீன் புண்ணில் காணப்படும் ஏரோமோனாஸ், ஆமைகள் சுமந்து வரும் சால்மோனெல்லா, இரவில் தண்ணீர் குடிக்க வரும் எலியின் சிறுநீரிலுள்ள லெப்டோஸ்பைரா ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. மீனுக்கு நோய் வந்த வாரமாக இருந்தால், பாரமலின், மாலகைட் பச்சை, பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று மருந்துகளும் நீரில் கரைந்திருக்கும்.

குழாய் நீரில் குளோரின் இருக்கிறதே, அது கொன்றுவிடாதா? மலேசியக் குடிநீர்த் தரம் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்கிறது. சுத்தம் செய்த நீர் வீடு வந்து சேரும்வரை அதைக் காவல் காக்கத்தான் அந்த அளவு. வாளி வாளியாகக் குளத்து நீர் வந்து கலந்தால், அந்தக் காவலன் சேற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோவான். மாலகைட் பச்சை போன்ற மருந்தை நீக்க அவனை நம்பியிருக்க முடியாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதற்குச் சான்றாக, 1969இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். அங்குள்ள ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியினர் ஆகஸ்டு இறுதியில் கடும் வெயிலில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். மைதானத்துக் குழாயில் தண்ணீர் குடித்தார்கள். சில வாரங்களில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். கல்லீரல் அழற்சி, நாம் மஞ்சள் காமாலை என்று சொல்வது. வீரர்கள், பயிற்றுநர்கள் 97 பேரில் 90 பேருக்குத் தொற்று. இரண்டு ஆட்டங்களோடு அந்த ஆண்டின் போட்டிகள் அனைத்தையும் கைவிட வேண்டியதாயிற்று.

ஆய்வாளர்கள் தேடித் தேடிப் பார்த்துக் கண்டது இதுதான். மைதானத்துக்குப் புல் நனைக்கும் தெளிப்பான்கள் தரைக்கடியில் சிறு குழிகளில் பொருத்தப்பட்டிருந்தன. குழிகளில் நீர் தேங்கியிருந்தது. பக்கத்தில் வசித்த, காமாலைத் தொற்று இருந்த குழந்தைகள் அந்தத் தேங்கிய நீரில் விளையாடியிருந்தார்கள். அந்த நாளில் நகரில் ஓரிடத்தில் தீப்பிடிக்க, தீயணைப்புப் படையினர் அதே குழாய்த் தொடரிலிருந்து நீர் எடுத்தார்கள். அழுத்தம் சரிந்தது. குழியில் கிடந்த நீர் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டது. சற்று நேரத்தில் அழுத்தம் திரும்பியதும், அதே நீர் குடிக்கும் குழாய் வழியாக வெளியே வந்தது. யாரும் எதையும் வேண்டுமென்று கலக்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள், குழந்தைகள் விளையாடத்தான் செய்தார்கள். இவர்கள் எல்லாரையும் தாண்டி, குழாயை அமைத்தவர் நினைத்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய விபத்து அது.

இதைவிடக் கொடியது 1933இல் சிக்காகோவில் நடந்தது. உலகக் கண்காட்சிக்கு வந்து விடுதிகளில் தங்கியவர்களிடையே அமீபா வயிற்றுக்கடுப்பு பரவியது. குடிநீர்க் குழாயும் கழிவுநீரும் கலக்க இடம் கொடுத்த குழாயமைப்புதான் காரணம். 98 பேர் இறந்தார்கள். குழாய்களின் இணைப்பைப் பற்றி அமெரிக்காவில் கடுமையான விதிகள் பிறக்க அந்த நிகழ்ச்சியும் ஒரு காரணம்.

ஜொகூருக்குத் திரும்புவோம். அழுத்தம் சரிவது இங்கே அரிதா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். 2015 ஆகஸ்டில் சுங்கை லாயாங், சுங்கை லெபாம் அணைகளில் நீர்மட்டம் இறங்கியபோது, மாசாய், பாசீர் கூடாங், கோத்தா திங்கி பகுதிகளில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். ஒருநாள் வரும், ஒருநாள் வராது. 2019 ஏப்ரலில் சுங்கை ஜொகூரில் அம்மோனியா அளவு கூடியதால் சுத்திகரிப்பு நிலையங்களை மூடவேண்டி வந்தது. குழாய் உடைப்பு, பராமரிப்பு வேலை என்று சிறு சிறு தடைகளும் அவ்வப்போது வருகின்றன. தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு முறையும் குழாய்களுக்குள் அழுத்தம் விழுகிறது. ஹோஸ் குளத்துக்குள் கிடந்தால், அதுதான் அதற்குக் கிடைத்த வாய்ப்பு.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் வீடுகளில் பொதுவாகக் குளியலறைக்குக் கூரைத் தொட்டியிலிருந்து நீர் வரும். சமையலறைக் குழாய்க்கு மட்டும் சாலைக் குழாயிலிருந்து நேராக வரும். குடிக்கிற நீர் தொட்டியில் தேங்கக்கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. தோட்டக் குழாயும் பெரும்பாலும் அந்த நேர்க்குழாயில்தான் இணைந்திருக்கும். ஆகவே குளத்திலிருந்து ஏறும் நீர் போய்ச் சேரக்கூடிய முதல் இடம் உங்கள் வீட்டுச் சமையலறை. அடுத்த இடம் பக்கத்து வீட்டுச் சமையலறை. அவர்களிடம் குளமே இல்லாமல் இருக்கலாம்.

இதைத் தடுக்க என்ன செலவாகும்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. எழுந்து போய்ச் சமையலறைத் தொட்டியைப் பாருங்கள். குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே நிற்கிறதல்லவா? தொட்டி நிரம்பி வழிந்தாலும் அழுக்கு நீர் குழாயின் வாயைத் தொடாது. நடுவே இருப்பது வெறும் காற்று. குழாய் எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும் காற்றைத்தான் உறிஞ்ச முடியும். இதற்குக் காற்று இடைவெளி என்று பெயர். குழாயின் விட்டத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி, எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது குழாய்த் தொழிலில் பரவலாகக் கையாளப்படும் அளவு. தேய்வதற்கு அதில் வாஷர் கிடையாது, அடைப்பதற்கு மணல் கிடையாது, பழுதாகாது. தடுப்பு வால்வு என்று ஒன்று விற்கிறார்கள், அதுவும் உதவும். ஆனால் வால்வுக்குள் ஒரு மணல்துகள் சிக்கினால் அது மூடாது. மூடவில்லை என்பது வெளியே தெரியவும் தெரியாது. காற்று இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதை நாலாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

குளத்தில் மட்டும் இதை ஏன் மறக்கிறோம்? அழகுக்காக. குளத்தின் மேலே குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாக இல்லை, தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது, பாறைக்குப் பின்னால் மறைத்து நீருக்கு அடியில் விட்டுவிடுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்பார். வெயிலில் நம் ஊரில் நாளுக்கு 4, 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும். 8 சதுர மீட்டர் குளமென்றால் நாளுக்குச் சுமார் 40 லிட்டர். அதைத் தானாக ஈடுகட்ட மிதவை வால்வு ஒன்று வேண்டும் என்பார். வால்வு நீருக்குள் மூழ்கி, குழாய் குடிநீர் இணைப்போடு நிரந்தரமாகச் சேர்ந்துவிடும். ஹோஸையாவது ஒருநாள் வெளியே எடுப்போம். இந்தக் குழாய் இரவும் பகலும் குளத்துக்குள்ளேயே இருக்கும்.

அந்த இடத்தில்தான் தொழில்காரருக்கும் வேலைக்காரருக்கும் உள்ள வேறுபாடு தெரியவேண்டும். சொன்னதைச் செய்வது வேலை. ‘இதைச் செய்யமாட்டேன், ஏனென்றால்…’ என்று தொடங்கி, வேறு வழி காட்டுவது தொழில். வழி இல்லாமலில்லை. ஒரு சிறு தொட்டியைச் சுவரோரம் உயரமாக வைத்து, குடிநீர்க் குழாய் அதன் விளிம்புக்கு மேலிருந்து விழும்படி செய்து, தொட்டியிலிருந்து குளத்துக்குத் தனிக் குழாய் போடலாம். குளத்தருகே ஒரு குழாயும் தெரியாது, அழகும் கெடாது. கூரையில் விழும் மழைநீரை அந்தத் தொட்டிக்குத் திருப்பினால் இன்னும் நல்லது. மழைக்கு நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. மழைநீரில் குளோரினும் கிடையாது.

குளோரின் என்றதும் நினைவுக்கு வருகிறது. எந்த மீன் கடைக்குப் போனாலும், ‘குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீங்க, மீன் செத்துப்போகும்’ என்று எச்சரித்து, குளோரினை நீக்கும் மருந்துப் புட்டியைக் கையில் கொடுப்பார்கள். சரியான எச்சரிக்கைதான், மனிதருக்குத் தீங்கில்லாத அளவு குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். குழாய் நீரிலிருந்து மீனைக் காப்பாற்ற இவ்வளவு அக்கறை. குளத்து நீரிலிருந்து மனிதரைக் காப்பாற்றவும் அதே கடையில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

சொன்னால் வியாபாரம் போகும் என்று பயம். அந்தப் பயத்தை நான் சுலபமாக ஒதுக்கமாட்டேன். இரண்டு பேர் ஒரே குளத்துக்கு விலை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தொட்டி, தனிக் குழாய், அனுமதி பெற்ற பிளம்பர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறார். மற்றவர் எதையும் சொல்லாமல் சில நூறு ரிங்கிட் குறைத்துச் சொல்கிறார். வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே குளமாகத்தான் தெரியும். நேர்மையானவர் வேலையை இழப்பார். நல்ல மனது ஒன்றை மட்டுமே நம்பி ஒரு தொழிலை விட்டுவைத்தால் இதுதான் நடக்கும். விதி என்பது நேர்மையானவர் தோற்றுப்போகாமல் இருக்கவும் வேண்டும்.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ளது. அதை நடைமுறைப்படுத்துவது ஸ்பான் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் தேசிய நீர்ச் சேவைகள் ஆணையம். குடிநீர்க் குழாயமைப்பு வேலையை ஆணையத்தின் அனுமதி பெற்றவர்தான் செய்யவேண்டும். நீர் விநியோக அமைப்பை மாசுபடுத்துவது அச்சட்டத்தின் 121ஆம் பிரிவின்படி கடுங்குற்றம். ஆனால் குளம் கட்டுவது பலர் கண்ணுக்குத் தோட்ட வேலை. மண் தோண்டுகிறவருக்கு எதற்கு பிளம்பர் அனுமதி என்று நினைக்கிறார்கள். அதே குளத்தின் பம்புக்கு மின்கம்பி இழுக்க மட்டும் தகுதி பெற்ற வயர்மேனைத் தேடுவார்கள், ஏனென்றால் மின்சாரம் உடனே அடிக்கும். தண்ணீர் மெதுவாக அடிக்கும். அடித்தது தண்ணீர்தான் என்று தெரியாமலே போகவும் கூடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். 1999இல் அங்கே வந்த குடிநீர்ப் பொருத்துகள் விதிமுறைகளில் வீட்டுக் குளமும் பெயர் சொல்லி இடம்பெறுகிறது. 10,000 லிட்டருக்கு மேற்பட்ட, தானாக நீர் நிரம்பும் குளம் கட்டுவதானால், முன்கூட்டியே குடிநீர் நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும். நீர் கசியாத உட்பூச்சு கட்டாயம். நீரை ஐந்து வகையாகப் பிரித்து, மிக ஆபத்தானதை ஐந்தாம் வகை என்கிறார்கள். அந்த வகை நீரைச் சாதாரணத் தடுப்பு வால்வை நம்பி விட்டுவிடக்கூடாது என்பது அவர்கள் முடிவு.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள சான்றிதழ் ஏற்பாடு. அங்கீகாரம் பெற்ற தொழிலாளர் குழாய் வேலையை முடித்ததும், விதிப்படி செய்திருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். பின்னால் ஏதாவது தவறு கண்டுபிடிக்கப்பட்டால், வீட்டுக்காரர் அந்தத் தாளைக் காட்டித் தம்மைத் தற்காத்துக்கொள்ளலாம். பொறுப்பு தெரிந்தவர் தோளுக்கு மாறிவிடுகிறது. அப்படித்தானே இருக்கவேண்டும்? நோயாளிக்கு மருந்தின் வேதியியல் தெரியாது, அதனால் மருத்துவர் பொறுப்பேற்கிறார். வீட்டுக்காரருக்குக் குழாயழுத்தம் தெரியாது.

இந்தத் தாளை ஜொகூரில் குளம் கட்டித் தருகிறவர்கள் சட்டம் வரும்வரை காத்திராமல் இப்போதே கொடுக்கத் தொடங்கலாம். நீர் எங்கிருந்து வருகிறது, இடைவெளி எவ்வளவு விட்டிருக்கிறது, குழாயை இணைத்தவரின் அனுமதி எண் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு விலை சொல்லப்படும்போது, ‘தாள் கொடுப்பீர்களா?’ என்று வீட்டுக்காரர் கேட்கத் தொடங்கினால், மலிவுக்காரரின் மலிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு குளத்துக்கும் உரிமம் வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பூந்தொட்டியில் நாலு கப்பி மீன் வளர்க்கும் பாட்டியிடம் போய் உரிமம் கேட்பது அபத்தம். வாளியில் மொண்டு ஊற்றுகிற குளத்துக்கு விதியே தேவையில்லை. வாளிக்கும் குழாய்க்கும் நடுவே காற்று இருக்கிறது. குடிநீர்க் குழாயோடு இணைந்த குளத்தைப் பற்றி மட்டுமே நான் பேசுகிறேன். வீட்டு நீரில் அரசு தலையிடுவது நமக்குப் புதிதும் அல்ல. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் ஏடிஸ் கொசுப் புழு இருந்தால் அபராதம் என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள்.

‘இத்தனை வருடமாக ஹோஸைக் குளத்தில்தான் போடுகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று ஒரு குரல் கட்டாயம் எழும். ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? வயிற்றுப்போக்கு வந்தால் நேற்று வெளியில் சாப்பிட்டதைத்தான் சந்தேகிப்போம். குழாயைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. ஹோலி கிராஸில் ஏறக்குறைய ஓர் அணியே படுத்ததால்தான் ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் படுத்தால் யார் வரப்போகிறார்கள்?

குளத்துக்குள் வரும் நீரைப் பற்றியே இவ்வளவு சொல்லியாயிற்று, வெளியே போகும் நீரைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லவேண்டும். வீட்டுக்கு முன்னால் ஓடும் லோங்காங் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. ஆற்றுக்குப் போகிறது, அங்கிருந்து தெப்ராவ் நீரிணைக்கு. மருந்து கலக்காத குளத்து நீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், நைட்ரேட் அவற்றுக்கு உரம். மாலகைட் பச்சை கலந்த நீரானால், கரித்துகள் வடிகட்டியில் ஓடவிட்டு நிறம் போன பிறகே வெளியேற்றவேண்டும். 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கில் யாரோ சுங்கை கிம் கிம்மில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நம் மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு புட்டி மீன் மருந்தை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் நீர் ஓடும் வழி ஒன்றே.

மீன்களுக்கும் இது பொருந்தும். வளர்ந்துவிட்டது, இடமில்லை என்று தொட்டிமீனை ஆற்றில் விடுகிறவர்கள் புண்ணியம் செய்வதாக நினைக்கிறார்கள். ‘ஈக்கான் பண்டாராயா’ என்று நாம் அழைக்கும் தென் அமெரிக்க மீன் அப்படித்தான் நம் ஆறுகளுக்கு வந்து பெருகியது. முட்டையிடக் கரையில் வளை தோண்டுவதால் கரையும் சரிகிறது. விற்ற கடையே வேண்டாத மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும் என்பேன். காசு தரத் தேவையில்லை, வாங்கிக்கொண்டால் போதும்.

மாணவர்களே, இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயின் வாயையும் போய்ப் பாருங்கள். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம், தோட்டம். எந்தக் குழாயின் வாய் அல்லது அதில் மாட்டிய ஹோஸின் நுனி நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது, எதற்கு இடைவெளி இருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் கைக் குழாயை வாளிக்குள் போட்டு வைத்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இதே கதைதான். மூழ்கியிருப்பதை எடுத்துக் கொக்கியில் மாட்டுங்கள். குளம் இருந்தால் அதைக் கட்டியவரின் எண் அப்பாவின் கைப்பேசியில் இருக்கும். நீர் நிரப்பும் குழாய் குளத்துக்குள் எங்கே முடிகிறது என்று அவரைக் கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள்; பதில் தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். தெரியாதவர் என்ன சொன்னார் என்பதை ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள்.